ஆம் சொல்லும் அதிகாரம்

எங்கள் குடிநீர்த் துறையில் முப்பத்தொரு வருடமாக யாரும் கோப்பில் 'ஆம்' என்று எழுதியதில்லை. 'இல்லை' என்றும் எழுதியதில்லை. 'பரிசீலிக்கலாம்' என்று எழுதுவார்கள், 'விவாதிக்கவும்' என்று எழுதுவார்கள், ரொம்பத் துணிச்சல் வந்துவிட்டால் 'பார்த்தேன்' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சுழி போடுவார்கள். கடைசியாக 'ஆம்' எழுதியவர் ஒருவர் இருந்தாராம். ஒரு தொட்டிக்கு மூடி போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள், மனிதர் யோசிக்காமல் எழுதிவிட்டார். மூடியும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு அந்த மூடியின் மேல் பூனை ஏறினால்கூட அவரைத்தான் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்களாம். ஓய்வு பெற்ற பிறகும் பாதி நாள் விளக்கம் எழுதியே கழிந்ததாம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பயிற்சியே இந்தக் கதைதான்.

நான் அங்கே ஆய்வக உதவியாளர். காலையில் தெருத்தெருவாகப் போய்க் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், கொண்டுவந்து கிருமி எண்ண வேண்டும், எண்ணியதை எழுத வேண்டும். பை நிறையப் பாட்டில் குலுங்க நடந்து வருவதால் அலுவலகத்தில் எனக்கு 'பாட்டிலம்மா' என்று பெயர். என் சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருக்கும்.

மூன்று மாதமாக ஏழாம் வால்வுக்குக் கீழே இருக்கும் தெருக்களில் கிருமி எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. அங்கே குழாய் பழசு, எங்கோ சாக்கடை கலக்கிறது. வால்வை மூடினால் தீர்ந்தது. மேட்டுத் தொட்டியிலிருந்து வேறு குழாய் வழியாக அந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் போய்விடும், யாருக்கும் தொண்டை காயாது. நூற்று நாற்பது வீடுகள். அதில் ஒன்று என் தங்கை வீடு. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஐந்து வயது. பத்து நாளாக இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு.

"அக்கா, இந்தத் தண்ணிய குடிக்கலாமா கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று தங்கை போன் பண்ணினாள்.

"காய்ச்சிக் குடிங்கடி."

"காய்ச்சித்தான் குடிக்கிறோம். பல்லு விளக்கும்போது இதுங்க முழுங்கிடுதுங்க. சரி, எனக்காவது சொல்லிட்ட. பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

கிருமி எண்ணிக்கையின் வரைபடம் ஆய்வுக் கூட்டத்தில் ஏற்கப்படுவதற்கு முன் சோதனை முடிவை வெளியே சொல்லும் ஊழியர் மீது நடவடிக்கை என்று சுற்றறிக்கை இருக்கிறது. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது.

வரைபடம் போடாமல் இல்லை. பென்சிலால் கோடு போட்டு அழகாக வரைந்து அனுப்பினேன். 'புதிய முறைப்படி இல்லை' என்று திரும்பி வந்தது. இனிமேல் எல்லா வரைபடமும் புள்ளியியல் மென்பொருளில்தான் வரைய வேண்டுமாம், அதுவும் வரைபடத்துக்கான கட்டளைகள் அடங்கிய ஒரு குறிப்பிட்ட தொகுப்பை வைத்துத்தான் வரைய வேண்டுமாம். மென்பொருள் எங்கள் ஆய்வகக் கணினியில் ஏற்கெனவே இருந்தது. தொகுப்பு இல்லை. தொகுப்பு இல்லாத மென்பொருள் பாத்திரமில்லாத அடுப்பு, எரியும், சமைக்காது. அதை இணையத்திலிருந்து நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை இயக்குநர் தலைமையில் ஆய்வுக் கூட்டம். அதை விட்டால் அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து.

திங்கட்கிழமை காலை கணினி முன்னால் உட்கார்ந்தேன். திரையில் கட்டளை தட்டும் கறுப்புச் சன்னலைத் திறந்து, சுற்றறிக்கையில் இருந்த ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினேன். இரண்டு வரி ஓடியது. நின்றது. பொதுக் கோப்புறையில் எழுத உனக்கு உரிமை இல்லை, உன் பெயரில் ஒரு சொந்தக் கோப்புறை உண்டாக்கி அதில் வைக்கட்டுமா என்று கணினி கேட்டது. ஆம் என்றால் ஆங்கில எழுத்து ஒய், இல்லை என்றால் என், இரண்டில் ஒன்றைத் தட்ட வேண்டும். எந்த வீட்டுப் பெண்ணும் பால்காரரிடம் இதைவிடக் கஷ்டமான கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பாள். விரலைத் தூக்கினேன்.

"கைய எடுங்க" என்றார் பின்னால் நின்ற கண்காணிப்பாளர்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவின் தலைவர். பேனா மூடியைக் கழற்றுவார், எதையோ எழுதப் போவதுபோல் குனிவார், திரும்ப மூடிவிடுவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இது நடக்கும். ஒரு பேனாவை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறார்.

"சார், ஒரு எழுத்து தட்டினா முடிஞ்சது."

"அதாம்மா பயமா இருக்கு. கேள்வி யாருக்கு வந்திருக்கு?"

"எனக்குத்தான் சார். நான்தானே தட்டினேன்."

"நீங்க தட்டினீங்க. மெஷின் யாரோடது? துறையோடது. அப்ப கேள்வி துறைக்கு வந்த கேள்வி. அதுவும் எழுத்துல வந்திருக்கு. தபால்ல பதியணும், எண் போடணும், கோப்பு திறக்கணும். அதுலயும் பாருங்க, 'சொந்த' கோப்புறையாம். பொதுச் சொத்துல உங்களுக்குன்னு தனியா ஒரு இடம் கேக்குது. நாளைக்கு யாராவது என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஆமான்னு சொல்லலாம் சார்."

அவர் அந்தச் சொல்லைக் கேட்டு அறைக் கதவைச் சாத்தினார்.

கேள்வி உள்வரவுப் பதிவேட்டில் ஏறியது. அனுப்புநர்: கணினி. பொருள்: இடம் கோருதல். யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று கண்காணிப்பாளர் விசைப்பலகையைக் கழற்றி எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். திரையின் மேல் 'கேள்வி நிலுவையில் உள்ளது, தொடாதீர்' என்று காகிதம் ஒட்டினார்கள். பத்தாவது நிமிடம் திரை தானாக அணைந்தது. கேள்வியைக் கணினி திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டதா என்று அலுவலகமே பதறியது. மவுஸை லேசாக அசைத்தால் திரும்பி வரும் என்று காட்டினேன். அன்று மதியமே உத்தரவு போட்டார்கள்: ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை மவுஸை அசைக்க முறைவைத்து ஊழியர், சாப்பாட்டு வேளைக்குத் தனிப் பட்டியல், அசைத்ததற்குக் கையெழுத்து. என் முறை மூன்றேகாலுக்கு. போய் அசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை கணினிப் பிரிவுத் தலைவர் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி பென்டிரைவ் கொத்து. திரையைப் பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், கணினியின் பின்பக்கத்தையும் குனிந்து பார்த்தார்.

"இது உள்ள வரலாமான்னு கேக்குது" என்றார்.

"ஆமா சார், அது ஒரு தொகுப்பு. வரைபடம் போடறதுக்கு."

"என்னம்மா நீங்க. நான் இந்தப் பிரிவுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. இந்த எட்டு வருஷத்துல ஒரு மென்பொருள்கூட உள்ள வரல. அதனாலதான் ஒரு வைரஸ்கூட வரல. போன வருஷம் எனக்கு விருது குடுத்தாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"அப்ப சுற்றறிக்கையில இந்தத் தொகுப்பைப் போடச் சொல்லி யார் சார் எழுதினது?"

"நான்தான் எழுதினேன். போடணும்னு எழுதறது எங்க வேலை. போடவிடாம பாத்துக்கறதும் எங்க வேலை. ரெண்டையும் ஒரே ஆள் பாக்கறதாலதான் இந்தப் பிரிவு இவ்வளவு திறமையா நடக்குது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குறும்பும் இல்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார். 'எனக்கு ஆட்சேபம் இல்லை, மேலே எழுதிக் கேளுங்கள்' என்று குறிப்பு எழுதுவதாகச் சொன்னார். 'ஆட்சேபம் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'கருத்து இல்லை' என்று எழுதினார்.

வாசலில் வால்வுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு, தோளில் பெரிய இரும்புச் சாவி, கையில் பதிவேடு. மூன்று வாரமாகத் தினமும் இதே நேரத்துக்கு வருகிறார். பதிவேட்டில் 'உத்தரவிட்டவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது நிரம்பாமல் அவர் எந்த வால்வையும் தொட முடியாது.

"ஏழாம் வால்வை மூடவா, வேண்டாமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் குனிந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். அவர் பதிவேட்டை மூடிவிட்டு, "சரிம்மா, நாளைக்கு வரேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை பதில் தயாராகிவிட்டது. நான்கு பேர் திருத்தி, மூன்று பேர் சுழி போட்டு, முத்திரையோடு வந்தது. கண்காணிப்பாளர் பீரோவைத் திறந்து விசைப்பலகையை வெளியே எடுத்தார். தட்டச்சர் மூச்சுவிடாமல் தட்டினார்: 'தங்கள் கேள்வி பெறப்பட்டது. நடைமுறையிலுள்ள விதிகளுக்கு உட்பட்டு இப்பொருள் தக்க நேரத்தில் பரிசீலிக்கப்படலாம் எனக் கருதப்படுகிறது.' எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். கணினி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. இந்தப் பதில் எனக்குப் புரியவில்லை என்று சொல்லி வேலையையே நிறுத்திவிட்டது.

"ரொம்ப மரியாதையில்லாத மெஷினா இருக்கே" என்றார் தட்டச்சர்.

நான் மறுபடி கட்டளையைத் தட்ட அனுமதி வாங்கினேன். தட்டினேன். அதே கேள்வி வந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் கண்காணிப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"திரும்பக் கேக்குதும்மா. இது நினைவூட்டு."

"சார், இது நினைவூட்டு இல்ல. நாம திரும்பத் தட்டினோம், அது திரும்பக் கேக்குது."

"ஒரே கேள்வி ரெண்டாவது தடவ எழுத்துல வந்தா அதுக்குப் பேரு நினைவூட்டுதாம்மா. மூணாவது வந்தா மேலிடத்துக்கு நகல் போயிடும். யாருக்கு நகல் போட்டிருக்குன்னு பாருங்க." பேனா மூடியைக் கழற்றினார், மூடினார், கழற்றினார். விசைப்பலகை பீரோவுக்குப் போனது. இந்தத் தடவை பீரோச் சாவியும் இன்னொரு பீரோவுக்குப் போனது.

அன்று சாயங்காலம் தங்கை பேசினாள். இரட்டையில் சின்னவளுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களாம். குரலில் சண்டை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ என்னக்கா பண்ணுவ, உன் வேலை அப்படி" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பீரோவைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பேன், ஆனால் அது சுவரோடு திருகியிருந்தது.

வியாழக்கிழமை இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து, மின்கம்பியைக் கழற்றாமல், நீள ஒயர் போட்டு, அணையாமல் கூட்ட அறைக்குக் கொண்டுபோனார்கள். மவுஸ் அசைப்பவர் கூடவே நடந்தார். இயக்குநர் நல்ல மாதிரியான அம்மாள், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். திரையில் இருந்த கேள்வியை மூன்று முறை படித்தார்.

"நான் இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன்" என்று ஆரம்பித்தார். "இதுவரைக்கும் ஒரு தப்பான முடிவுகூட எடுத்ததில்ல. உடனே நான் முடிவே எடுத்ததில்லன்னு யாரும் நினைச்சுடாதீங்க. எடுக்க வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும் முடிவெடுத்திருக்கேன். அது லேசான காரியம் இல்ல. மக்கள் வந்து நிப்பாங்க, கடிதம் போடுவாங்க, பத்திரிகையில எழுதுவாங்க. அசையாம உக்காந்திருக்கணும். இன்னிக்கு ஒரு மெஷின் வந்து ஆமாவா இல்லையான்னு கேக்குது. நாளைக்கு மனுஷங்களும் இப்படியே கேக்க ஆரம்பிச்சா இந்தத் துறைய எப்படி நடத்தறது?"

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன், பக்கத்தில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைன்னு சொல்லிடலாமே மேடம்" என்றார் கணினிப் பிரிவுத் தலைவர்.

"இல்லைன்னா அதுவும் முடிவுதானே" என்றார் இயக்குநர்.

அதன்பின் அரை மணி நேரம் கூட்டம் நகரவில்லை. மவுஸ் மட்டும் மூன்று முறை அசைந்தது. கடைசியில் கண்காணிப்பாளருக்குத்தான் யோசனை வந்தது. 'ஆம்' என்று சொன்னால் சொன்னவர் மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லாத ஒருவர் சொன்னால் என்ன? எல்லோரும் மெதுவாகத் திரும்பினார்கள். பாட்டில் பையோடு கதவோரம், மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

உத்தரவு ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்டது. முதல் வரைவில் 'கணினியின் கேள்விக்கு' என்று இருந்தது. கணினியின் கேள்வி என்று குறிப்பிட்டால் கேள்வி வந்ததை ஒப்புக்கொண்டதாகும் என்று இயக்குநர் அதை அடித்தார். 'தொகுப்பை நிறுவ' என்று இருந்தது, அதைக் கணினிப் பிரிவுத் தலைவர் விருதை நினைத்து அடித்தார். எல்லோரும் தங்களுக்கு ஆபத்தான சொல்லை ஒவ்வொன்றாக அடித்து முடித்தபோது மிச்சம் இருந்தது இதுதான்: 'ஆய்வக உதவியாளருக்கு ஆம் என்று கூறும் அதிகாரம், ஒரே ஒரு சொல்லளவில், இதன்மூலம் வழங்கப்படுகிறது.' முத்திரை குத்தி என் கையில் கொடுத்தார்கள். நான் இரண்டு முறை படித்தேன். மடித்துப் பையில், பாட்டில்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன்.

இரண்டு பீரோவும் திறந்தன. நான் ஒய் என்ற எழுத்தைத் தட்டினேன். எண்டர்.

வரிகள் மளமளவென்று ஓடின. என் தொகுப்பு வந்தது, அதற்கு வேண்டிய இன்னொன்று வந்தது, அதற்கு வேண்டிய நான்கு வந்தன, மொத்தம் இருபத்து மூன்று.

"யாரைக் கேட்டு இத்தனை வருது?" என்று கண்காணிப்பாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணை நம்பி ஒண்ணு இருக்கு சார். ஒண்ணைக் கூப்பிட்டா எல்லாம் வரும்."

பதினெட்டாவதில் பிழை வந்தது. அதன் கீழே வரிசையாக இன்னும் ஐந்து பிழை. 'முடிவு நிலை சுழியம் அல்ல' என்று திரை சொன்னது, அதாவது வேலை முடியவில்லை. "சுழியம் இல்லைன்னா ஏதோ கிடைச்சிருக்குன்னுதானே அர்த்தம்" என்று இயக்குநர் தைரியம் சொன்னார். நான் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன். இதில் கடைசிப் பிழையைப் பார்த்துப் பயப்படக் கூடாது, முதலில் விழுந்தது எது என்று தேட வேண்டும். அது விழுந்ததால்தான் மற்றவையும் விழுந்திருக்கும். கிடைத்தது. எங்கள் இணையம் மெதுவானது, ஒரு பெரிய கோப்பை இறக்க அறுபது நொடி காத்திருந்துவிட்டு மென்பொருள் கைவிட்டிருந்தது.

"அறுபது நொடியில பொறுமை போயிடுதா?" என்றார் கணினிப் பிரிவுத் தலைவர். "அப்ப இது நம்ம துறைக்குச் சரிப்படாது."

காத்திருக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் கூட்டி ஒரு வரி தட்டினேன், கட்டளையை மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை கணினி எதுவும் கேட்கவில்லை, அதற்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே. இருபத்து மூன்றும் உட்கார்ந்தன.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் வரைபடம் சுவரில் பெரிதாக விழுந்தது. எல்லைக் கோடு சிவப்பில் கிடந்தது. ஏழாம் வால்வின் புள்ளிகள் மூன்று மாதமும் ஏறி ஏறி அதைத் தாண்டி, படத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றன. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். இயக்குநர் வெகு நேரம் பார்த்தார். பிறகு கோப்பை இழுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'பார்த்தேன்' என்று எழுதிச் சுழி போட்டிருந்தார்.

"அருமையா வந்திருக்கு. அடுத்த கூட்டத்துல விவாதிப்போம்" என்றார்.

அப்போது கதவருகே இரும்புச் சாவியோடு வால்வுக்காரர். காலையில் அறையில் யாரும் இல்லாததால் கூட்டத்துக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏழாம் வால்வை மூடவா, வேண்டாமா?"

மேசையைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள். கண்காணிப்பாளர் பேனா மூடியைக் கழற்றினார். நான் பையில் கைவிட்டு உத்தரவை எடுத்தேன். ஒரே ஒரு சொல்லளவில் என்று தெளிவாக இருந்தது. கணினிக்கு நான் தட்டியது ஓர் எழுத்துதான், சொல் இன்னும் செலவாகவில்லை. சின்னவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதாகத் தங்கை சொன்னது ஞாபகம் வந்தது.

"ஆம்" என்றேன்.

வால்வுக்காரர் பதிவேட்டை நீட்டினார். கட்டத்தில் என் சொந்தப் பெயரை எழுதினேன். அவர் அதை ஒரு முறை படித்துப் பார்த்தார், "நல்ல பேரும்மா" என்றார், சாவியைத் தோளில் மாற்றிக்கொண்டு போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமானால் யாராவது 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்று நானே தங்கைக்குப் போன் பண்ணினேன். ரெண்டு நாள் குழாயைத் திறந்துவிட்டு அப்புறம் பிடி, பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்லு, நான் சொன்னேன் என்றே சொல்லு என்றேன். அவள் அழுதாள், பிறகு என்னைத் திட்டினாள். மூன்று வாரம் தாமதமாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. மாதக் கடைசியில் அந்தத் தெருக்களின் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டன, இரட்டையர்கள் சோபாவை உடைத்துவிட்டார்கள்.

ஏழாம் வால்வைத் திரும்பத் திறக்கலாமா என்று இப்போது ஒரு கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது 'ஆம்' என்று எழுதினால் திறந்துவிடுவார்கள்.

நேற்று எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. இயக்குநரே முழுக் கையெழுத்துப் போட்டிருந்தார், வெறும் சுழி இல்லை. 'வால்வை மூடுமாறு நீங்கள் கூறினீர்களா? சுற்றிவளைக்காமல், ஆம் அல்லது இல்லை என ஒரே சொல்லில் உடனே பதிலளிக்கவும்.' கண்காணிப்பாளர் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அவர் பேனாவைக் கேட்டு வாங்கினேன். ஒன்பது வருடத்துப் பேனா, முதலில் எழுத மறுத்தது. இரண்டு முறை உதறிவிட்டு, குறிப்பாணையின் கீழே ஒரே சொல்லில் பதில் எழுதிக் கொடுத்தேன்.

'பரிசீலிக்கலாம்.'